ஞானதுரையின் பித்தளைப் பொத்தான்

கடைசியாக, "யூதாசைக் கூப்பிடுங்க" என்று கேட்டானாம். பக்கத்தில் நின்ற நர்ஸ் பயந்துபோய் ஜெபிக்கத் தொடங்கிவிட்டாளாம். ஞானதுரையின் மகள் மெர்சி போனில் இதைச் சொல்லி அழுதாள், நடுவில் சிரித்தும்விட்டாள். அந்த யூதாஸ் நான்தான். நான் வாஷியில் மகன் வீட்டில் இருந்தேன். அவள் பேசும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

சபைப் பத்திரிகைக்கு எழுதுவதால் 'அவர்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்தேன். யாரோ மந்திரி செத்துப்போன மாதிரி இருந்தது. அதனால் அவன், அவன்தான்.

பெயர்க் காரணம் தாராவியில் பழைய ஆட்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். சிறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஒரு மதியக் காட்சிக்குப் போனோம். அன்று ராத்திரியே அவன் அப்பா ஆசீர்வாதம் ஐயா பெல்ட்டைக் கழற்றிவிட்டார். ஐயா ரயில்வேயில் கார்டு. சபையில் மூப்பர். சினிமா பார்க்கிறவன் நரகத்துக்குப் போவான் என்று கண்ணீரோடு பிரசங்கம் செய்பவர். எங்கள் வீட்டுக்கு விஷயம் வரவேயில்லை. எனக்கு ஓர் அடிகூட விழவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"நீதாம்லே காட்டிக்குடுத்த" என்றான் ஞானதுரை.

அன்றிலிருந்து நான் யூதாஸ். நட்பை அவன் விடவில்லை, குற்றச்சாட்டையும் விடவில்லை. என் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம், "மாப்பிள்ளை தங்கமான பையன். காட்டிக்குடுக்க ஒரு பழக்கம் மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தான். சபையில் யாராவது என்னைக் கணக்குப் பார்க்கச் சொன்னால் முதல் ஆளாக எழுந்து, பணப்பை யூதாஸ் கையில் வேண்டாம் என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் செய்யாத ஒன்றுக்கு ஆயுள் முழுக்கப் பழி சுமப்பது எனக்கு வலிக்கத்தான் செய்தது.

சில வருடங்களுக்கு முன் குழாய் பதிக்க அவன் வீட்டுத் தரையை உடைத்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க எங்கள் சந்தில் எல்லோரும் தரையை உயர்த்திக்கொண்டே போவோம். பழைய தரைகளுக்கெல்லாம் அடியில், மண்ணுக்குள், ஒரு பித்தளைப் பொத்தான் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்ததில் பிறைக்குள் ஒரு மயில் தெரிந்தது. "எங்கப்பாவோட ரயில்வே யூனிபாரம் பட்டன்" என்று சந்து முழுக்கக் காட்டினான். நான் மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலேயே கிழவனானவன். ரயில்வேயில் மயில் கிடையாது என்றேன்.

"ஒனக்குப் பொறாமைலே, யூதாசு."

ஆனாலும் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், போலீஸ் பொத்தான் இல்லை என்றார். கடற்படையில் இருந்தவர், நங்கூரம் இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய சாமான் விற்கும் சோர் பஜாருக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "வைஸ்ராய் கா ஹை" என்றார். அந்தக் கடையில் எல்லாப் பொத்தானும் வைஸ்ராயுடையதாகத்தான் இருந்தது.

திரும்பும்போது பஸ் நெரிசலில் மாட்டி, மூடிக் கிடந்த ஒரு பழைய தியேட்டர் முன்னால் நின்றது. நாங்கள் மட்டம் போட்டுப் போன அதே தியேட்டர். துருப்பிடித்த இரும்புக் கேட்டில் பிறைக்குள் ஒரு மயில். ஞானதுரை பொத்தானை எடுத்துப் பார்த்தான். கேட்டைப் பார்த்தான்.

"லே, அன்னைக்கு நாம எந்த வரிசையில இருந்தோம்?"

"கடைசிலேர்ந்து மூணாவது."

"எங்கப்பா அடிக்கும்போது அதையே சொன்னாரு. 'கடைசிலேர்ந்து மூணாவது வரிசையில உக்காந்தா எனக்குத் தெரியாதோ'ன்னு." பொத்தானை விரலால் தடவினான். "நமக்கு ஒருத்தன் டார்ச் அடிச்சு சீட்டு காட்டுனாம்லா?"

"ஆமா. வெளிச்சம் கண்ணுல அடிச்சுது. ஆளு தெரியல."

"அவருக்கு நம்மளத் தெரிஞ்சிருக்கே!"

பஸ் அதிரச் சிரித்தான். பிறகு அவன் முகம் மாறியது. "இத வெளிய சொல்லிராத" என்றான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவன் வாயைத் திறந்தால் மூப்பர் ஐயாவின் மானம் போகும். திறக்காவிட்டால் நான் சாகும்வரை யூதாஸ். இரண்டு ஞாயிறு அவன் பக்கத்தில் நான் உட்காரவில்லை.

மூன்றாவது ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தான். கையில் பொத்தான்.

"எங்கப்பா ரயில்வே கார்டு இல்ல. தியேட்டர்ல டார்ச் அடிச்சவரு. சினிமா பாவம்னு நமக்கெல்லாம் சொல்லிட்டு, தினம் மூணு காட்சி பாத்திருக்காரு. அந்தச் சம்பளத்துலதான் நான் படிச்சேன். இந்தச் சபைக்குத் தசமபாகமும் அதுலேருந்துதான் வந்துச்சு. நான் அவரப் பத்தி வெக்கப்படல. தங்கராசு என்னக் காட்டிக்குடுக்கல. பாத்தது எங்கப்பாதான்."

பாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பின் வரிசையிலிருந்து எஸ்தர் அக்கா மட்டும், "அப்போ ஐயா எம்புட்டுப் படம் பாத்திருப்பாவ!" என்றார். ஆலயத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் ஞானதுரை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிருலே, யூதாசு" என்றான். அவனுக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவேயில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் மெர்சியின் மகள் என்னைக் காட்டி, இவர்தான் யூதாஸ் தாத்தாவா என்று இந்தியில் கேட்டாள். மெர்சி பதறிப்போனாள். "அப்படிச் சொல்லக் கூடாது. தங்கராஜ் தாத்தான்னு சொல்லு."

நான் தடுத்தேன். பழியை அவன் சபை நடுவே நின்று எடுத்துவிட்டான். பெயரை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

"யூதாஸ் தாத்தாதான் மக்கா" என்றேன்.