முகம் காட்டிய மௌத்து

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்துக் கோணும். முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்குப் போகும். பேர்கள் மறக்கும். இந்தக் கிழமைப் பத்தியில் அது இன்னும் கூடத்தான் போகிறது... ஏனென்றால் நான் எழுதப்போவது, நான் பார்க்காத ஒரு படத்தைப் பற்றி.

போன ஞாயிறு. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் குறைஷா வேலியோரம் நின்று கூப்பிட்டாள். கையில் போன். கண் இரண்டும் சிவப்பு.

"ராத்தா... உங்கட தம்பி கிடைச்சிட்டாராம்!"

"உசிரோடயா?"

அவள் தலையை ஆட்டினாள். ஓம் என்கிற ஆட்டல் இல்லை அது.

என் கடைசித் தம்பி றபீக் போன வருசம் கடலுக்குப் போனவன். ஆழ்கடல் படகு. அவனோடு இன்னும் மூன்று பேர். காற்று மாறியது, படகு வரவில்லை. படகின் பலகைத் துண்டு ஒன்றுகூட வரவில்லை. 'அந்தமான் பக்கம் பிடித்து மறியலில் அடைத்து வைத்திருக்கிறார்களாம்' என்றார்கள் கொஞ்ச நாள். 'வேற கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்குமாம்' என்றார்கள் இன்னும் கொஞ்ச நாள். பிறகு அப்படிச் சொல்லவும் ஆள் இல்லை. மௌத்தான வீட்டுக்கு மூன்று நாள் துக்கம் கேட்கச் சனம் வரும். காணாமல்போன வீட்டுக்கு எத்தனை நாள்தான் வரும்?

அவனுடைய மனைவி நஸீராவின் வீடு அடுத்த தெருவில். நான் போய்ச் சேரும்போது வாசலில் பள்ளிவாசல் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் ஒரு மௌத்துக்கு எது முந்தி வரும் தெரியுமா? சொந்தக்காரர் இல்லை — வருகிறவர் உட்காரக் கதிரை.

என் மற்றத் தம்பி கலீல் போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தான்.

"எந்தக் கரையில எடுத்தாங்களாம்? ... எனக்கு ஆர் சென்ன? நீங்கதானே இப்ப எனக்குச் சென்ன!"

ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டது. முதலில் யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. மௌத்துச் செய்தியை யார் போய்த் துருவிக் கேட்பார்?

கூட்டம் என்றால் எனக்குக் கூச்சம். வாசலில் நிற்காமல் அறைக்குள் போனேன். நஸீரா அலுமாரியைத் திறந்து, அடியில் கிடந்த சாரிகளைத் தூக்கிவிட்டு, இரண்டு வெள்ளை உடுப்புகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். புருசன் மௌத்தானால் நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்கிற பெண் உடுக்கிற வெள்ளை. புதிது. தைத்து, மடித்து, தயாராக.

எப்போது தைத்தாள்? எனக்கே தெரியாது. 'அவர் வருவார்' என்று ஊரெல்லாம் சொன்னவள்தான் அவள். காயிப் ஜனாஸா — மையத்து உடல் இல்லாமலே மௌத்தானவருக்குத் தொழுவிப்பது — அதைப் பற்றிக் கலீல் கதைத்தபோதெல்லாம் எழும்பிக் குசினி அடுப்படிக்குள் போனவளும் அவள்தான்.

"மதினி, முகம் பாக்கிற மாதிரி இரிக்குமா?" என்று கேட்டாள்.

எங்கள் ஆட்களுக்கு அது பெரிய விசயம். கபன் துணி சுற்றிய பிறகு முகத்தை மட்டும் திறந்து வைத்து, உரிமைக்காரரைக் கூப்பிடுவார்கள். கடைசிப் பார்வை. அதைப் பார்த்தால்தான் நெஞ்சு நம்பும்.

"கடல்ல கிடந்த மையத்து புள்ள..." என்று தொடங்கினேன்.

"கையக் காட்டினாலும் போதும். இடக்கைச் சின்ன விரல் வளைஞ்சிரிக்கும். எனக்குத் தெரியும்."

அந்த நேரம்தான் வாசலில் சைக்கிள் மணி. ஹனா! றபீக்கின் ஒரே மகள். வருகிற வருசம் ஓ.எல். சோதினை எழுதப்போகிறவள். டியூஷன் முடிந்து வந்து, கதிரைகளைப் பார்த்து, சைக்கிளை அப்படியே விட்டுவிட்டாள்.

"உம்மாக்கு என்ன? உம்மா எங்க?"

"உம்மாக்கு ஒண்டுமில்ல மகள்" என்று குறைஷா அவளைக் கட்டிப் பிடித்தாள். "அழுதிரு மகள். வாப்பா கிடைச்சிட்டாரே..."

"வாப்பாவா? ஆர் சென்ன?"

"நீதானேகா போட்டிரிக்கா!"

குறைஷா போனை நீட்டினாள். ஹனாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். கறுப்புப் பின்னணி. முதலில், மௌத்துச் செய்தி கேட்டால் நாங்கள் ஓதுவது: 'இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தேடித் தேடிக் களைத்த பிறகு கிடைத்தீர்கள். இனி வரமாட்டீர்கள் என்று தெரியும்.' கீழே உடைந்த இதயம் ஒன்று.

பிள்ளை போனைப் பறித்துப் பார்த்தாள்.

"இது... இது வாப்பாக்கு இல்ல. இது படத்துக்கு."

"என்ன படம்?"

பேர் சொன்னாள். இங்கிலீஷ் பேர், எனக்கு வாயில் வரவில்லை. ஆகாயத்தில் பறந்து உலகத்தைக் காப்பாற்றுகிற ஆளாம். கடைசியில் அவனே தொலைந்துபோகிறானாம். கூட்டாளிகள் கிரகம் கிரகமாகத் தேடிக் கண்டுபிடிக்கிறார்களாம் — மையத்தாக.

கதிரை கொண்டுவந்தவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பறக்கிற ஆளுக்கா நான் இவ்வளவு கதிரையும் சுமந்த? இப்ப என்ன, ஏத்தவா... இல்ல, அந்தப் பறக்கிறவரும் வருவாரா?"

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "சினிமாக்காரனுக்கு இன்னா லில்லாஹி! உலகம் அழியிற கியாமத்து நாள் கிட்டத்தான் இரிக்கி" என்று தொப்பியைக் கழற்றி உதறினார்.

உண்மையைச் சொன்னால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கிரிக்கெட் மேச் தோற்றாலும் அதைத்தான் போடுகிறார்கள். இந்தப் படம் வந்த நேரம் குறைஷாவின் மூத்த மகன் — கல்முனை பஸாரில் போன் கடையில் வேலை, மீசைக்காரன் — ஒரு நாள் முழுக்கச் சோறு தின்னவில்லை. "பறக்கிற ஆள் மௌத்தாம் ராத்தா, இவர் நோன்பாம்" என்று அவளே வந்து சொன்னாள். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். இல்லாத ஆளுக்கு ஒரு அழுகையா?

ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நஸீரா அறையிலிருந்து வந்தாள். நேரே போய் ஹனாவின் கன்னத்தில் அறைந்தாள்.

"உன்ட வாப்பாக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியாடி? ஒரு சொட்டு? படத்துல செத்தவனுக்கு ஒப்பாரி வெக்கிறியா?"

அதுவும் மெய்தான். வாப்பாவுக்காக அந்தப் பிள்ளை அழுது ஒருவரும் பார்த்ததில்லை. 'கல்நெஞ்சுக்காரி' என்று சொந்தத்துக்குள்ளேயே பேச்சு.

ஹனா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரக் காட்டினாங்க உம்மா. தூக்கிட்டு வந்து வெச்சி, முகத்தத் தொறந்து காட்டினாங்க. நாங்க எல்லாரும் பாத்த. அதான் அழுத. வாப்பாவ ஆர் காட்டின? நீங்க பாத்தீங்களா?"

நஸீராவின் கை கீழே இறங்கியது.

படம் பார்த்து அழுகிற பிள்ளைகளை நாங்கள் எவ்வளவு கேலி செய்கிறோம்! யோசித்துப் பாருங்கள்... அவர்களுக்கு ஒரு முழு மௌத்துக் கிடைக்கிறது. தேடப் போகிறார்கள் — கிடைக்கிறது. முகம் பார்க்கிறார்கள். மண்ணில் வைக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிறவனும் சேர்ந்து அழுகிறான். இல்லாத ஒரு ஆளுக்கு இவ்வளவும் நடக்கிறது. எங்களோடு இருந்து, தின்று, சண்டை பிடித்து, சிரித்த ஒருவனுக்கு? ஒன்றும் இல்லை. ஒரு கபன் துண்டுகூட இல்லை.

சனம் கலைந்தது. கதிரைகள் ஏறின. நான் அறைக்குள் போனபோது நஸீரா அந்த வெள்ளையை மடித்துக்கொண்டிருந்தாள். மறு முனையை நான் பிடித்தேன்.

"மதினி, ஒண்டு செல்லவா? கிடைச்சிட்டாரெண்டு கேட்டதும்... எனக்கு சந்தோசமா இரிந்திச்சி. மையத்தாக் கிடைச்சாரெண்டு கேட்டு சந்தோசப்பட்டுட்டன். அல்லாஹ் என்ன மன்னிப்பானா?"

வேலியோரத்தில் குறைஷா சொன்ன நிமிசம் எனக்கும் அதேதான் இருந்தது. எங்கள் கையில் ஒரு மையத்து இருந்தது... கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் மற்ற மனிசரைப் போல இருந்தோம். பிறகு அதுவும் பறிபோனது.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு கலீல் பழைய கதையை எடுத்தான். பள்ளி நிருவாகத்தோடும் மௌலவிமாரோடும் எல்லாம் கதைத்தாகிவிட்டது, நஸீரா சம்மதித்தால் போதும் என்றான். இந்த முறை அவள் குசினிக்குள் போகவில்லை.

"ஓம். வாற வெள்ளி ஜும்ஆவோட தொழுவிங்க. நான் இத்தா இரிக்கன்."

கதவோரம் ஹனா. கத்தவில்லை, கதவை அடிக்கவில்லை. நான் வீட்டுக்குப் புறப்படும்போது வேலிப் படலை வரைக்கும் பின்னால் வந்தாள்.

"மாமி, அந்தப் பறக்கிற ஆள் அடுத்த பாகத்துல வருவாரெண்டு கூட்டாளிமார் செல்றாங்க."

"மண்ணுல வெச்சாச்செண்டுதானே சென்ன?"

"வெச்சதுதான். ஆனா அது வேற ஆள்ற முகமாம். அவர் வேற எங்கயோ இரிக்காராம்."

"அது படம் மகள்."

"ஓம், படம்தான். எனக்குத் தெரியாதா மாமி?" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. "முகம் காட்டின ஆளே திரும்பி வருவாரெண்டா, காட்டாத ஆளுக்கு என்னத்துக்கு இவ்வளவு அவசரம்? அவர் வரமாட்டாரெண்டு உறுதியாத் தெரியட்டும். நானே அந்த வெள்ளைய எடுத்து உம்மாக்குக் குடுப்பன். அதுக்கு முந்தி உடுத்தாவெண்டா... நான் உம்மாட முகத்தப் பாக்கமாட்டன்."

படலையைச் சாத்திவிட்டு வந்தேன்.

நஸீராவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிழைகள் இருக்கும். காயிப் ஜனாஸா பற்றியும் இத்தா பற்றியும் நான் மாற்றி எழுதியிருந்தால், மார்க்கம் தெரிந்தவர்கள் திருத்துங்கள். படத்தின் கதையையும் பார்த்தவர்கள் சரிபாருங்கள் — பிள்ளை சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது.

முக்கியமாக ஒன்றை விசாரித்துச் சொல்லுங்கள். அந்தப் பறக்கிற ஆள் அடுத்த பாகத்தில் வருகிறானா? வரமாட்டான் என்றால், வெள்ளிக்கு முந்திச் சொல்லுங்கள்.

வருவான் என்றால்... வெள்ளி கழியட்டும்.