கூட்டவா, கழிக்கவா?

போன நோன்பில் மகள் என் கைபேசியில் ஏதோ ஒன்றை ஏற்றித் தந்தாள். தொழுகை நேரம் வந்தால் அதுவே பாங்கு சொல்லுமாம். மேலே சின்ன எழுத்தில் நான் இருக்கும் இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு வேறு. எண்பத்தொன்று தசம் ஏழு பாகை கிழக்கு என்று வாசித்ததும் எனக்குக் கஞ்சி வாசம் அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாகப் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உலகப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடியே கடைத்தெருவில் நடப்பேன். முந்நூற்று அறுபது பாகையும் என் பொறுப்பில் இருப்பதாக ஒரு நினைப்பு. பயிற்சிக் கலாசாலையில் மனனம் செய்த சூத்திரம் ஒன்று எந்நேரமும் வாயில் இருக்கும்: ஒரு பாகைக்கு நாலு நிமிடம், கிழக்கே போனால் கூட்டு, மேற்கே போனால் கழி. ஏன் என்று மட்டும் நான் யாரையும் கேட்டதில்லை.

அப்போது ஒரு நோன்பு மாதத்தில் வரிப்பத்தான்சேனைப் போடியார் ஒருவர், நிறைய வயல் உள்ள மனிதர், தன் மகளுக்கு என்னைக் கேட்டிருந்தார். ஏ.எல் பரீட்சை எழுதிய பெண். ஒருமுறை பஸ்ஸில் கண்டிருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. பேச்சு இன்னும் முற்றாகவில்லை. ஆளை அளந்து பார்க்கத்தான் வாப்பாவையும் என்னையும் நோன்பு திறக்கக் கூப்பிட்டார். இது தப்பிப்போய்விடக் கூடாதே என்று வழியெல்லாம் துஆ ஓதிக்கொண்டு போனேன்.

கச்சான் காற்று தொண்டையைக் காய வைக்கிற மாதம். அன்றைக்கென்று கரண்டும் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. பாயில் கஞ்சிக் கோப்பைகள், ஈத்தம்பழம், நடுவில் பற்றரி ரேடியோ. போடியார் வயலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தார்.

“பொழுது பட்டுட்டு தம்பி, தொறப்பமா?”

“பொறுங்க மாமா, ரேடியோவில சொல்லட்டும்.”

நான் முந்திக்கொண்டு மாமா என்றதைக் கேட்டு வாப்பா இருமினார்.

சற்றுப் பொறுத்து ரேடியோவில் பாங்கு கேட்டது. எல்லாக் கைகளும் பழத்துக்குப் போயின. வகுப்பில் உயர்த்துகிற அதே கையை நான் உயர்த்தினேன்.

“அது கொழும்பு நேரம். நாங்க ரெண்டு பாகை கிழக்கால இரிக்கம். எட்டு நிமிஷம் கூட்டணும்.”

பழங்கள் பீங்கானுக்குத் திரும்பின. முந்தித் திறந்தால் ஒரு நாள் நோன்பே போய்விடுமே என்ற பயம். படிப்பிக்கிற ஆள் வேறு சொல்லியாயிற்று. இருட்டிக்கொண்டு வந்தது. அரிக்கன் லாம்பு கொளுத்தினார்கள். கடிக்கிற நுளம்புகள் மட்டும் கூட்டல் கழித்தல் பாராமல் எங்களில் நோன்பு திறந்தன. வாப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் நான் மறக்கவில்லை.

அப்போது திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு குரல், தாயிடம் சொல்வதுபோல எங்களுக்குக் கேட்கும்படி:

“உம்மா, எங்களுக்குப் பொழுது முந்தி உதிச்சா முந்தித்தானே விழும்? மணிக்கூடு முழு நாட்டுக்கும் ஒண்டுதானே. எட்டைக் கழிக்கணும், கூட்டுறல்ல.”

முகத்தை மூட அன்றைக்கு உலகப் படமும் கையில் இல்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். போடியார் ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

“இவ்வளவு நேரம் பசியில வெச்சிட்டீங்களே மகன். பறவாயில்ல, முந்தித் தொறக்கப் பயந்த ஆள்தானே. கணக்குப் பாக்க இவ இரிக்கா.”

தம்பி மகனானதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அவள் பொழுது பட்டதுமே குசினியில் நோன்பைத் திறந்து ஒரு கோப்பைக் கஞ்சியும் குடித்துவிட்டுத்தான் அந்த வியாக்கியானம் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. நானும் போனேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நோன்பிலும், பழத்தைக் கையில் எடுத்ததும் மாமா என் பக்கம் திரும்புவார்.

“என்ன மருமகன், கூட்டவா, கழிக்கவா?”

“கழிங்க மாமா.”

பாய் முழுக்கச் சிரிப்பு. இருபது வருடத்துக்கு மேல் ஒரே பகிடி. எனக்குச் சில வருடம் எரிச்சலாகக்கூட இருந்தது.

மாமா மௌத்தாகிப் பல காலம். கைபேசி ஒரு நொடி பிசகாமல் பாங்கு சொல்கிறது, யாரையும் எதுவும் கேட்பதில்லை. போன நோன்பின் முதல் நாள் அது பாங்கு சொன்னபோது, நானும் மனைவியும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தோம். மனம் அவரைத் தேடியது. யாரும் கேட்காமலே சொன்னேன்:

“கழிங்க மாமா.”

பிறகுதான் அவள் பழத்தை வாயில் போட்டாள்.