நான்கெல்லைக்குள் ஒரு மாட்டு வைத்தியம்

நேசையனை நல்லவர் என்று சொன்னால் அவரே நம்பமாட்டார். பிடிவாதக்காரர் என்றால் உடனே ஒத்துக்கொள்வார், அதிலும் ஒரு பெருமையோடு. மார்த்தாண்டத்துப் பக்கம் பிறந்தவர். அரசாங்க மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து, மேலதிகாரியோடு சண்டை போட்டு வேலையை உதறிவிட்டு, கரமனையில் தனியாக வைத்தியம் தொடங்கினார். பட்டம் கிடையாது, போர்டும் கிடையாது. ஆனாலும் இருபத்தாறு வருஷம் அக்ரகாரத்துப் பசு ஒன்றுகூட வேறு கைக்குப் போனதில்லை. மருந்து புகட்டும்போது மாடு வாயைத் திறக்காவிட்டால் திட்டுவார். மாட்டை அல்ல, மாட்டுக்காரரை.

ஒரு நாள் சாலைக் கடைக்காரர் ஒருவரின் எருமை நேசையனின் வலது கையைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. எலும்பு கூடியது, விரல்களில் பிடி மட்டும் திரும்பவில்லை. பேனாவைப் பிடிக்கலாம், கன்றின் காலைப் பிடித்து இழுக்க முடியாது. "போதும், பிராக்டீஸை வித்துப்போடுங்க" என்றார் மனைவி செல்லபாய். அவர் சொல்லி நேசையன் கேட்ட காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

வாங்க வந்தவர் நெல்லையப்பன். திருநெல்வேலிக்காரர், சென்னையில் படித்துப் பட்டம் வாங்கிய மாட்டு டாக்டர். கிடைத்த சர்க்கார் வேலையை விட்டுவிட்டு, கையில் இருந்ததையெல்லாம் கொட்டி இதை வாங்கினார். எதை வாங்கினார் என்று கேட்டால் சொல்வது கஷ்டம். இரண்டு அலமாரி, கொஞ்சம் குப்பிகள், ஒரு மூங்கில் குழாய், இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் 'நேசையனைக் கூப்பிடு' என்று சொல்லிப் பழகிய வீடுகள்.

ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், எழுதிய பாவி நான். சிவதாணு என்றால் கரமனையில் தெரியும். வீடும் வயலும் தென்னந்தோப்புமாக நானூறு ஆதாரம் எழுதியவன். பிராக்டீஸ் விற்கும் ஆதாரம் எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கமும் எனக்கு இல்லை. ஆகவே வயல் விற்பதுபோலவே நான்கெல்லை போட்டேன். மேற்கே கிள்ளியாறு, கிழக்கே கரமனை ஆறு, வடக்கும் தெற்கும் ரோடு. இந்த எல்லைக்குள் உள்ள பசு, காளை, எருமை, கன்று சகிதம் விற்றுக் கொடுத்ததாகவும், விற்றவர் மூன்று வருஷத்துக்கு இதற்குள் எந்த மாட்டுக்கும் வைத்தியம் பார்க்கக்கூடாது என்றும் எழுதினேன். கொல்லம் ஆண்டு 1127, அதாவது 1951, ஆவணியில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாளே அனந்தலக்ஷ்மி அம்மாள் நேசையன் வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்ரகாரத்தில் மூன்று கறவை வைத்திருப்பவர், குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

"என்ன ஓய் நேசையன், எங்காத்துப் பசுவை விக்கறதுக்கு நீர் யாரு?"

"அம்மா, மாட்டை விக்கல. வைத்தியத்தைத்தான் வித்தேன்."

"பசு, கன்னு சகிதம்னு எழுதியிருக்காமே! நேக்கு எல்லாம் தெரியும்."

அவரைச் சமாதானப்படுத்த நான் போய் ஆதாரத்தை இரண்டு முறை வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. வாசிக்க வாசிக்க அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கே பட்டது.

ஐப்பசி வரைக்கும் நேசையன் சும்மா இருந்தார். பிறகு காலையில் காற்று வாங்கப் பாலம் தாண்டிப் போக ஆரம்பித்தார். அக்கரையில் ஒரு புளியமரத்தடியில் உட்காருவார். இரண்டாம் நாள் ஒருவர் பசுவை ஓட்டிக்கொண்டு அங்கே போனார். நான்காம் நாள் ஐந்து பசுக்கள். ஒரு வாரத்தில் கரமனைப் பாலத்தில் பஸ் போக முடியவில்லை. மாடுகள் வரிசையாக நடக்க, பின்னால் டிரைவர் ஹாரன் அடிக்க, கண்டக்டர் இறங்கி வந்து மலையாளத்தில் வைவார். வயிற்று உப்புசத்துக்கு மருந்து, காணை நோய்க்கு மருந்து, எல்லாம் அக்கரையில்தான். கை பிடிக்காவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே.

"எல்லை ஆறு, நான் ஆத்துக்கு அந்தப் பக்கம். நீரு எழுதினதுதானே வேய்?" என்று என்னிடமே கேட்டார். நியாயம்தான். நான் எழுதிக் கொடுத்த வயல் எதுவும் எழுந்து நடந்து எல்லை தாண்டியதில்லை. மாடு நடக்கும் என்று எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை.

நெல்லையப்பனின் கடையில் ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை. ஒரு நாள் ஆதாரத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, இதுல எதாவது வழி இருக்கா? இப்படியே போச்சுன்னா தை மாசம் கடையப் பூட்டிட்டு ஊருக்குத்தான் போகணும். வேலையையும் விட்டுட்டேன். எந்த மொகத்தோட போவேன்?"

நான் தலையைச் சொறிந்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. ஆதாரத்தை வாங்கி மறுபடி வாசித்தேன், வழி ஒன்றும் அகப்படவில்லை.

செல்லபாய்க்கும் விஷயம் தெரியும். "வித்த சோத்த நீங்களே தின்னுதீங்க. ஞாயித்துக்கிழமை கோயில்ல எப்படித்தான் கண்ணை மூடுதீங்களோ" என்பார். நேசையன் கண்ணை மூடுவதற்குப் பதில் காதை மூடிக்கொண்டார்.

மார்கழியில் ஒரு மத்தியானம் நேசையன் வீட்டுச் செவலைப் பசு கன்று போடப் படுத்தது. தலைச்சன் கன்று. காலையிலிருந்து முக்குகிறது, கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது, இன்னொன்று உள்ளே மடங்கிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் மதில்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது நேசையன் சட்டையைக் கழற்றி, கைக்குச் சோப்புப் போட்டு, எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வலது கையில் எண்ணெய்க் குப்பி நிற்காமல் நழுவியது.

செல்லபாய் தொழுவத்து வாசலில் குறுக்கே நின்றார். "இந்தக் கையால ஆகாது. டாக்டரைக் கூப்பிடுங்க."

"என் மாடு! என் மாட்டுக்கு நான் பாக்கக்கூடாதா?" என்று கத்தியவர், என் பக்கம் திரும்பினார். "வேய், சொந்த மாட்டுக்கு ஆதாரத்தில விலக்கு உண்டா?"

விலக்கு இல்லை. எழுத மறந்துவிட்டேன். உண்டு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

"இல்லை ஓய். பாலம் தாண்டி ஓட்டிட்டுப் போனா பாக்கலாம்."

படுத்துக் கிடக்கும் பசுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செல்லபாய் யாரையும் அனுப்பவில்லை, தானே ஓடினார்.

நெல்லையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். பழைய பேச்சு ஒன்றும் எடுக்கவில்லை. நேசையன் பின்னால் நின்று, "மொதல்ல உள்ளே தள்ளணும் தம்பி, தள்ளிட்டு…" என்று ஆரம்பித்ததும், "அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். இருபத்தாறு வருஷம் எத்தனையோ பேரைத் தொழுவத்தைவிட்டு விரட்டியவர், மறுபேச்சுப் பேசாமல் வெளியே வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். உதடு முணுமுணுத்தது, ஜெபமா வசவா என்று நான் கேட்கவில்லை.

அரை மணி நேரத்தில் கன்று வெளியே வந்தது. கிடாரி. நெல்லையப்பன் அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்துவிட்டார், அது தும்மியது. மதில்மேல் ஒரே ஆரவாரம். நேசையன் அழுதார். அழுததை மறைக்கவும் இல்லை.

மறுநாள் காலை காற்று வாங்க அவர் போகவில்லை. வெயில் ஏறியபின் அனந்தலக்ஷ்மி அம்மாள் ஒரு பசுவை இழுத்துக்கொண்டு அவர் வாசலுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"என்ன ஓய், அக்கரைக்கு வரலையா? இது ரெண்டு நாளா தண்ணி குடிக்கமாட்டேங்கறது."

நேசையன் எழுந்து நின்றார். பசுவின் காதைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டார்.

"என் மாட்டையே அவருதான் பாக்காரு அம்மா. டாக்டர்கிட்டக் கொண்டு போங்க."

அந்த அம்மாள், "அதுவும் சரிதான்" என்று பசுவைத் திருப்பிக்கொண்டு நெல்லையப்பன் கடைப் பக்கம் நடந்தார்.

நேசையன் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேய், 'நேசையன், நீருதான் பாக்கணும்'னு ஒரு வார்த்தை சொல்லலியே அந்தம்மா" என்றார்.

செல்லபாய் உள்ளேயிருந்து எங்கள் இருவருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தார். நேசையன் குடிக்கவில்லை.