எதையும் நம்பாதவளின் தூக்கம்

விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைக் கதிர்ப்படத்தில் பார்த்து உள்ளே விடுவது அவள் வேலை. கூட இருப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கழுகு. வயதில் சின்னவர்கள் கழுகுக்கா என்பார்கள். திரையில் துணியும் காகிதமும் ஆரஞ்சாகத் தெரியும், இரும்பு நீலமாகத் தெரியும். நடுநடுவே அந்த இயந்திரம் தானாகவே, இல்லாத ஒரு கத்தியின் நிழலை யாரோ ஒருவருடைய பெட்டிக்குள் போட்டுக் காட்டும், பார்ப்பவர் கவனமாக இருக்கிறாரா என்று சோதிக்க. இயந்திரமே பொய் சொல்லும் இடத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவள் எதை நம்புவாள்? பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள்.

அவளுக்குக் காலில் ஒரு தொந்தரவு இருந்தது. வலி என்று சொல்ல முடியாது. படுத்தால் முழங்காலுக்குக் கீழே ஏதோ நமநமவென்று ஊரும். நீட்டினால் மடக்கச் சொல்லும், மடக்கினால் நீட்டச் சொல்லும். எழுந்து நடந்தால் நின்றுவிடும், திரும்பிப் படுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஷிஃப்ட் மாறி மாறி வந்ததில் தூக்க நேரமும் தாறுமாறாகிப் போயிருந்தது. மோட்டார் ரிப்பேர் செய்யும் அவள் கணவன், "படுக்கையில சைக்கிள் ஓட்டுறா" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான். உதை வாங்கிய இடத்தை மட்டும் காட்ட மாட்டான்.

வெளிநாட்டில் கடையொன்றில் வேலை பார்த்த தங்கை விடுமுறைக்கு வந்தபோது ஒரு புட்டி கொண்டுவந்தாள். மெல்லித் தின்கிற மிட்டாய் போன்ற மெலடோனின் மாத்திரைகள், பழ வாசனையோடு.

"தூக்கம் வராதவங்க எல்லாம் அங்க இதைத்தான் சாப்பிடுறாங்கக்கா. நம்ம உடம்புலயே ஊறுற சமாச்சாரம்தான்."

"உடம்புல ஊறுறதை எதுக்குடி புட்டியில அடைச்சு விக்கிறாங்க?"

"ஐயோ, சாப்பிட்டுத்தான் பாரேன். நான் என்ன விஷமா தரப்போறேன்?"

தங்கை முகம் வாடிவிடுமே என்று ஒன்று தின்றாள். பலன் தெரியாததால் இரண்டாக்கினாள், பிறகு மூன்று. தூக்கம் வந்தது, ஆனால் அரைகுறையாக. கால் முன்னைவிட அதிகமாகத் துடித்தது. காலையில் தலைக்குள் பஞ்சு அடைத்தது போல இருந்தது. அப்படியே வேலைக்குப் போனாள்.

திரையில் வந்த பொய்க் கத்தியை அவள் விட்டாள். அடுத்து வந்ததையும் விட்டாள். கழுகு கோட்டைவிட்டது என்ற செய்தி அவள் இருக்கையை விட்டு எழுவதற்குள் மேற்பார்வையாளர் அறைக்குப் போய்விட்டது.

"உங்ககிட்ட வெளியாளுங்க யாராவது வந்து பேசினாங்களா?" என்றார் அவர், கதவைச் சாத்திக்கொண்டு.

"என்ன சார் கேக்குறீங்க?"

"கேக்க வேண்டியது என் கடமை. ஒரு படத்தையும் விடாதவங்க திடீர்னு விட்டா, நான் என்னன்னு நினைக்கிறது?"

அவள் முன்னாலேயே அவளுடைய அலமாரியைத் திறந்தார்கள். சீப்பு, மாற்றுச் செருப்பு, குடை. கடைசியில் அந்தப் புட்டி. மேற்பார்வையாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவர்களின் பெட்டிக்குள் பார்த்தே பழகியவள் தன் பெட்டிக்குள் இன்னொருவர் கை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்கத்துக்கு என்று சொன்னாள். அது அவளுக்கே சாக்குப்போக்கு போலக் கேட்டது. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை திரைப் பக்கம் வர வேண்டாம், வாசலில் நின்று பயணச்சீட்டைப் பார்த்தால் போதும் என்று உத்தரவாயிற்று. பார்க்கிறவர்கள் எல்லாம் தன்னைப் பற்றித்தான் குசுகுசுக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. பாதி உண்மைதான்.

நரம்பு மருத்துவர் ஓர் இளம்பெண். கழுகு அவளையும் மேலும் கீழும் பார்த்தாள். சுவரில் தொங்கிய பட்டத்தில் முத்திரை சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தாள். மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தாள், பிறகு புட்டியைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"இதுல எழுதியிருக்கிற அளவுதான் உள்ள இருக்குன்னு எனக்கு நம்பிக்கை இல்லம்மா. சில புட்டியில கூட இருக்கும், சிலதுல குறைச்சலா இருக்கும்."

நம்பிக்கை இல்லை என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டதும் கழுகுக்கு அவள்மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"இதை நிறுத்துங்க. உங்களுக்கு இருக்கிறது ஓய்வில்லாத கால் நோய். ரத்தத்துல இரும்புச் சேமிப்பு ரொம்பக் கம்மியா இருக்கு, முதல்ல அதை ஏத்தணும். வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா?"

"தும்மலுக்கு ஒரு மஞ்சள் மாத்திரை. அது ரொம்ப வருஷமா போடுறது."

"போட்டா தூக்கம் வர்ற மாதிரி இருக்குமே, அதுவா? அந்த வகை மாத்திரை காலை இன்னும் படுத்தும். அதையும் விட்டுடுங்க. தும்மலுக்கு வேற தர்றேன்."

வெளியே வந்ததும் கணவனிடம் சொன்னாள்: "தும்மலுக்கும் காலுக்கும் என்னங்க சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடுறா. புது மாத்திரை விக்கணும், அதான்."

மிட்டாயை நிறுத்தினாள். இரும்பு மாத்திரையைப் போட்டாள். மறுநாள் கழிப்பறையில் கறுப்பாகப் போனதைக் கண்டு மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து சண்டை போட்டாள். இரும்பு சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று நர்ஸ் சத்தியம் செய்யாத குறை. மஞ்சள் மாத்திரையை மட்டும் விடவில்லை. பழகின பேய் அது.

வாரங்கள் போயும் கால் அடங்கவில்லை. அப்போதுதான் சமையலறை மேல்தட்டில் ஒதுக்கி வைத்த மிட்டாய்ப் புட்டி அவள் கண்ணில் பட்டது. பாதிக்குமேல் காலி. தினமும் தூங்கும் முன் பால் ஆற்றிக் கொடுப்பது கணவன். பெண்டாட்டி தூங்கினால் தனக்கு உதை விழாது என்று நினைத்திருப்பானோ? கொஞ்ச நாள் அவன் தந்த பாலைக் குடிப்பதுபோல் பாவனை செய்து தொட்டியில் கொட்டினாள். கால் அப்படியேதான் இருந்தது. இருந்தும் சந்தேகம் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது புட்டியை அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"என் பால்ல இதைக் கலக்குறீங்களா? கொஞ்ச நாளா நான் அதைத் தொட்டியிலதான் கொட்டுறேன்."

அவன் ஊசியைக் கீழே வைத்தான். பிறகு காது வரை சிவந்துபோய், "நான்தான் தின்னேன்" என்றான்.

"என்னது?"

"நீ உதைக்கிறதுல எனக்கு மட்டும் தூக்கம் வருதா? நீ நிறுத்திட்ட, வீணாப் போகுதேன்னு எடுத்தேன். ருசியாவும் இருந்துச்சு. உங்கிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னுதான்…" அவன் குரல் கோபமாக மாறியது. "கட்டின புருஷன் குடுத்த பாலைக் கீழ கொட்டியிருக்க. என்னை நம்பல. தங்கச்சியை நம்பல, டாக்டரை நம்பல. எல்லாரையும் சல்லடை போட்டு சலிக்கிறியே, அந்த மஞ்சள் மாத்திரையை மட்டும் எந்த ஊரு நியாயத்துல விட்டுவெச்ச?"

அவன் எழுந்து, பாதி தைத்த சட்டையோடு பட்டறைக்குப் போய்விட்டான். அன்று முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அன்றே மஞ்சள் மாத்திரையை நிறுத்தினாள், டாக்டர் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டு. நிரூபணம் ஆகவில்லை. கால் உளைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக, கடன் வாங்கியவன் கொடுத்தவனின் வீட்டைக் கடப்பதுபோலச் சத்தமில்லாமல் விலகியது. முழுக்கப் போகவில்லை. நாள் முழுக்க அலைந்தால் எட்டிப் பார்த்தது.

ஆனாலும் தூக்கம் விடிகிற நேரத்துக்குத்தான் வந்தது. மருத்துவர் இரும்பின் அளவை மறுபடி பார்த்துவிட்டு, மருத்துவமனைக் கடையில் வாங்கச் சொல்லி ஒரு மாத்திரை எழுதித் தந்தாள். அது ஒரு மிளகைவிடச் சின்னது.

"இதுவும் மெலடோனின்தான். அளவு ரொம்பக் கம்மி. படுக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போடுங்க. இது அடிச்சுப் போட்டுத் தூங்கவைக்காது, நேரத்தை உடம்புக்கு ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான்."

"காலுக்கு?"

"காலுக்கு இது மருந்து இல்ல. சிலருக்குக் கால் தொந்தரவு கூடவும் செய்யும். உங்களுக்குக் கூடினா அன்னைக்கே நிறுத்திட்டு வாங்க."

"அப்போ பலிக்கும்னு உறுதி இல்ல?"

"இல்லம்மா."

அந்த 'இல்லம்மா'வுக்காகவே அவள் வாங்கினாள். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. ஏமாற்று என்று தீர்மானித்து, அளவைக் கூட்டலாமா என்றுகூட யோசித்தாள். கணவன் மாத்திரைப் பட்டையை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேளைக்கு ஒன்றாக எடுத்து நீட்டினான். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டாள். அவன் முகத்தைப் பார்த்து, "பழக்கம்ங்க, கோவிச்சுக்காதீங்க" என்றாள். அவர்களுக்குள் சமாதானம் என்று ஒன்று நடந்தது அப்போதுதான்.

அடுத்தடுத்த வாரங்களில் தூக்கம் மெல்ல முன்னால் நகர்ந்து வந்தது. சில நாள் வராமலும் இருந்தது. வந்த நாட்களில் காலை தலை லேசாக இருந்தது. மாத்திரையா, இரும்பா, மஞ்சளை விட்டதா, எது வேலை செய்தது என்று மருத்துவரைக் குடைந்தாள். எல்லாம் சேர்ந்துதான் என்றாள் அவள். அந்தப் பதிலில் கழுகுக்கு இன்றுவரை திருப்தி இல்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவளைத் திரைக்குத் திரும்ப அழைத்தார்கள். நடுநடுவே எழுந்து நின்றுகொண்டு பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டாள். முதல் நாள் வேலை முடிந்து கிளம்பும்போது மேற்பார்வையாளர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"அந்த டாக்டர் எங்க இருக்காங்கன்னு சொன்னீங்க?"

"ஏன் சார்? இன்னும் விசாரணை இருக்கா?"

"சேச்சே. எனக்குத்தான்… படுத்தா காலு ஒரு மாதிரி பண்ணுது. வீட்டம்மா பக்கத்து அறைக்குப் போயிட்டாங்க."

அவள் அவரைக் கூர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் நிஜமாகத்தான் இருந்தது. மருத்துவமனைக்கு வழி சொன்னாள்.

"ஆனா நான் போட்டதையே நீங்களும் வாங்கிப் போட்டுடாதீங்க சார். முதல்ல ரத்தம் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பேருந்தைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.