மேடையை விட்டு இறங்கிய ஓட்டு மெஷின்

நண்பர்களே, இப்போது நான் சொல்லப்போகும் சம்பவத்தை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை. என் மனைவியே நம்பவில்லை. ஆனாலும் வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையால் டைப் அடிக்கிறேன்...

சாக்பீஸ் தூள் வாசனை. அதன்மேல் அழியாத மையின் மருந்து வாசனை. இரண்டும் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் மீசை தானாக நிமிரும்.

மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பின்பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளி. ஒன்றாம் வகுப்பு அறைதான் வாக்குச்சாவடி. அன்றைக்கு அந்த அறைக்கு நான்தான் சக்கரவர்த்தி... அரசாங்க மொழியில், வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். மற்ற நாட்களில் தி.நகரில் கணக்கு வாத்தியார். எனக்குக் கீழே இருந்த அலுவலர்களும் வாத்தியார்கள்தான்.

வாசலில் வரிசை. எவ்வளவு நீளம் என்றால், அதன் வால் அடையாறு ஆற்றைத் தாண்டி, கோட்டூர்புரத்தில் யாரோ வீட்டு மொட்டை மாடியில் ஏறி இறங்கி, பெருங்குடியில் போய் முடிந்தது.

அப்போதுதான் கரீம் பாய் வந்தார். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். ஒரு விபத்துக்கு அப்புறம் வீல்சேர். மருமகன் அன்வர் தள்ளிக்கொண்டு வந்தான். வாசலில் சாய்தளம் போட்டிருந்ததால் நாற்காலி வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. விரலில் மை வைத்தாயிற்று. எல்லாம் ஜோர்.

அதற்குமேல் நகரவில்லை.

நாலு வாத்தியார்களைக் கூட்டி ஒரு வகுப்பறையில் மெஷினை வைக்கச் சொன்னால் எங்கே வைப்பார்கள்? முக்கியமான எதுவும் எங்களுக்கு மேடையில்தான் இருக்க வேண்டும். கரும்பலகைக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு சிமெண்ட் மேடை. அதன்மேல் வாத்தியார் மேசை. அதன்மேல் மெஷின். வாசல்படிக்கு சாய்தளம் போட்ட நாங்கள், உள்ளே இமயமலையை மறந்துவிட்டோம்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல மாமா. போன தபா மாதிரி நானே அமுக்கிட்டு வந்துர்றேன்" என்றான் அன்வர்.

துணைக்கு ஒருவரை அனுமதிக்கச் சட்டத்தில் இடமும் உண்டு. நான் தலையாட்டத் தயாராகிவிட்டேன்.

"போன தபா நீ இன்னாத்த அமுக்கினேன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார் பாய். "எனக்குக் கை நல்லாத்தானே கீது? நானே அமுக்கறேன்."

"அப்ப சேரோட தூக்கிடலாம் பாய்" என்று எழுந்தார் ஒரு கட்சி ஏஜென்ட்.

"தூக்காத நைனா. நான் இன்னா அரிசி மூட்டையா? மெஷினு எங்கிட்ட வரட்டும். இல்லாட்டி ஊட்டுக்குப் போறேன்."

வீல்சேர் பாதி திரும்பியும்விட்டது.

அந்த நேரம் பார்த்து மாநிலத் தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி ரவுண்ட்ஸ் வந்தார். அவர் கார்க் கதவைச் சாத்திய சத்தத்தில் கோயில் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் பெசன்ட் நகருக்குக் குடிபெயர்ந்தன.

என் வேலை காலி என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. மூலையில் கிடந்த ஒன்றாம் வகுப்புக் குட்டி நாற்காலியை இழுத்து, மேடை முன்னால் போட்டு உட்கார்ந்தார். மெஷினை நோக்கிக் கையை நீட்டினார்.

"எட்டலையே சார்."

"ஓட்டுப்பதிவு நடுவுல நகர்த்தினா தப்பாயிடாதா மேடம்?"

"யாருக்கும் தெரியாம நகர்த்தினாத்தான் தப்பு. ஏஜென்ட் எல்லாரையும் கிட்ட கூப்பிடுங்க. இதுவரைக்கும் பதிவான மொத்தத்தை அவங்க கண்ணால பாக்கட்டும். இறக்கினப்புறம் மறுபடி பாக்கட்டும். மெஷின்ல இருக்கற சீலையும்தான்."

காலையில் ஃபேன் காற்றுக்குச் சண்டை போட்ட இரண்டு எதிரெதிர்க் கட்சி ஏஜென்ட்டுகள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி அந்தச் சின்னத் திரையை உற்றுப் பார்த்தார்கள். தேர் நிலைக்கு வருவதுபோல மேசை, அட்டை மறைப்பு சகிதம் மெஷின் கீழே இறங்கியது. மறுபடி கன்னத்தோடு கன்னம். அதே மொத்தம். ஒன்று கூடவில்லை, குறையவில்லை.

அப்புறம்தான் கவனித்தோம்... புது இடத்துக்குப் பின்னால் ஜன்னல். வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கலாம். நான் பாய்ந்து போய் பீரோ மேலிருந்த படச் சார்ட்டை எடுத்து ஜன்னலை மறைத்தேன்.

"சார், அதுல கீறது பூரா சின்னம்" என்றார்கள் இரண்டு ஏஜென்ட்டுகளும் ஒரே குரலில்.

குடை, சீப்பு, பலூன், கத்தரிக்கோல்... நம் நாட்டில் தேர்தல் சின்னமாகாத பொருள் ஏது? அதிகாரி முதன்முறையாகச் சிரித்தார். "திருப்பி ஒட்டுங்க சார்." வெள்ளைப் பக்கம் உள்ளே பார்க்க ஒட்டினேன்.

பாய் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். பெருங்குடி வரைக்கும் ஒருவரும் மூச்சு விடவில்லை.

பீ...ப்.

"யாருக்கு மாமா போட்டீங்க?" என்றான் அன்வர்.

"அத்த கேக்காத" என்றார் பாய். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் காலம் எவ்வளவோ மாறிவிட்டது. நடக்க முடியாதவர்களிடம் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். நான் ரிடையர் ஆகி கே.கே. நகரில் பால்கனிச் செடிகளுக்குத் தலைமை அலுவலராக இருக்கிறேன். போன மாதம் பேண்ட்டை ஆல்டர் செய்ய பாய் கடைக்குப் போனேன். ஓட்டு வாங்க வீட்டுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"ஊட்ல போட்டா இந்த அன்வரு எட்டிப் பாப்பான் சார். பூத்துதான் சேஃப்டி."

சந்தடிசாக்கில் நானும் கேட்டேன்: "அன்னிக்கி யாருக்குத்தான் பாய் போட்டீங்க?"

இடுப்பு அளவெடுத்துக்கொண்டிருந்த டேப்பை ஒரு இறுக்கு இறுக்கினார். அதோடு சரி.

நண்பர்களே, மேலே சொன்னதில் எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளுங்கள், வாத்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம்... அந்த ஓட்டு யாருக்கு என்று கரீம் பாயைத் தவிர இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.