இடது கைதான் இனி என் முகம்

எங்கள் கல்லூரிப் பேருந்துக்கென்று ஒரு வாட்ஸாப் குழு உண்டு. விடிந்ததும் அதில் செய்தி வந்தால் பெரும்பாலும் யானைதான். சானமாவுக் காட்டில் கூட்டம் நிற்கிறது, பஸ் சுற்றி வரும் என்று யாராவது போடுவார்கள். அன்றும் கைப்பேசி அடுத்தடுத்து அதிர்ந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, இன்று எந்தப் பக்கமோ என்று பதறி எடுத்துப் பார்த்தேன். ஸ்டெல்லா மேடம் விடியற்காலையில் இறைவனிடம் சேர்ந்துவிட்டார், இரண்டாவது பக்கவாதம் என்று இருந்தது. மறுபடியும் படித்தேன். கண் கலங்கவில்லை. அணைத்த அடுப்பைப் பற்றவைத்து மிச்ச தோசையை ஊற்றினேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயம் அப்போதுதான் வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். இன்று பெங்களூரு மருத்துவமனைகளில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பவர்கள். நர்சிங் முதலாமாண்டில் உளவியல் ஒரு பாடம்; மூளை, ஊக்கம், உணர்ச்சி என்று மூன்று பாடப்பிரிவை உருப்போட்டுத் தேறினால் போதும் என்று எல்லோரும் ஒதுக்கிவைக்கிற பாடம். அதை அவர் எப்படி நடத்தினார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் பக்கத்து வகுப்பில் சமுதாய நலச் செவிலியம் நடத்துகிறவள். பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, பையன் டிபன் பாக்ஸை எடுத்தானா என்று ஓசூர் தாண்டும்வரை புலம்புவேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வருவார்.

ஒரு நாள் சானமாவுக்கு அருகே டிரைவர் சட்டென்று வண்டியை நிறுத்தி, "யாரூ மாத்தாடபேடி" என்று கன்னடத்தில் கிசுகிசுத்தார். யாரும் பேசக்கூடாது என்றால் எனக்கு மூச்சே நின்றுவிடும். குட்டியோடு யானைகள் சாலையைக் கடந்து போயின. பஸ் கிளம்பிக் கல்லூரி வாசலுக்கு வந்த பிறகும் என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஸ்டெல்லா மேடம் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யானை எப்பவோ போயிடுச்சு பத்மா. உன் கைக்குத்தான் இன்னும் தகவல் போவல" என்றார். அன்றைய வகுப்பிலேயே அதைப் பாடமாக்கிவிட்டார். "மூளைக்குள்ள ஒரு செக்யூரிட்டி உக்காந்திருக்கான். கண்ணு சரியா தெரியாது. சைக்கிள் டியூபப் பாத்தாலும் பாம்புன்னு விசில் ஊதுவான். அவனத் திட்டாதீங்க. அவன் அப்படி ஊதுனதாலதான் நம்ம முப்பாட்டனுங்க பொழச்சாங்க." சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டேன். என்னைப் பெயர் சொல்லாமல் கிண்டல் செய்கிறார் என்று கொஞ்சம் கோபமும் வந்தது.

பிறகு அவருக்கே முதல் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் தளர்ந்தன, பேச்சு கொஞ்சம் குழறியது. அதெல்லாம் மெல்ல ஓரளவு தேறியது. தேறாதது ஒன்று இருந்தது. காரணமே இல்லாமல் அழுகை வரும், சிரிப்பு வரும், அடக்க முடியாது. முகத்தைக் கட்டிவைக்கிற நரம்புவழி மூளையில் அறுந்துவிட்டது, உள்ளே இருக்கும் துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். மாத்திரையில் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மனம் பதறுகிற இடங்களில் அதிகமாகவே வந்தது. "வண்டி நல்லாத்தான் இருக்குது, பிரேக் ஒயருதான் அறுந்துபோச்சு" என்பார் மேடம்.

நாங்கள் கூட்டமாக ஆரஞ்சும் ரொட்டியுமாகப் பார்க்கப் போனோம். ஆரஞ்சு இனிப்பாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். அதற்கு மேடம் தேம்பித் தேம்பி அழுதார். அவருடைய கணவர் சாமுவேல் சார் ஓடிவந்து முகம் துடைத்தார். மறுநாள் ஆசிரியர் அறையில், பாவம் ஸ்டெல்லாவை அந்த மனுஷன் சரியாகப் பார்ப்பதில்லை போலிருக்கிறது என்று பேச்சு எழுந்துவிட்டது. நான் போய்ச் சொன்னதும் மேடம் திடுக்கிட்டார். சமைத்துப்போட்டு, குளிப்பாட்டி, தலைபின்னிவிடுகிற மனிதருக்கு இப்படி ஒரு பெயரா? இடது கையை என்முன் நீட்டினார். "என் மூஞ்சிய யாரும் நம்பாதீங்க. இந்தக் கையப் புடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. இடது கைதான் இனி என் முகம்."

அடுத்த மழைக்காலத்தில் குந்தாரப்பள்ளிப் பக்கத்தில் அவருடைய அண்ணன் இறந்துபோனார். மேடம் வேறு திருச்சபையைச் சேர்ந்தவரைக் கட்டிக்கொண்டார் என்று அந்த அண்ணன் கல்யாணத்துக்கே வரவில்லை. பிற்பாடு பேச்சுவார்த்தை ஏற்பட்டது, ஆனாலும் அந்த வடு அப்படியே இருந்தது. இப்போது சாவு வீட்டில், அண்ணனின் பெட்டிமுன் நின்று இந்தத் தங்கை சிரித்துவிட்டால்? பிறந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியுமா? போகவேண்டாம் என்றேன். முன்கூட்டியே போன் செய்து விளக்கிவிடலாம் என்றேன். "பொணத்த நடுவுல போட்டுட்டு மூளையப் பத்தி கிளாஸ் எடுக்கறியா?" என்றார். உங்களுக்கே தைரியம் இருக்கிறதா என்று கேட்டேன். வகுப்பில் ஊக்கம் பற்றிச் சொல்வதையே சொன்னார். "மனசு வந்தப்புறம் செய்யலாம்னு உக்காந்திருக்கக்கூடாது. மொதல்ல எழுந்திரு. மனசு பின்னாடி நொண்டிக்கிட்டே வரும்."

சாமுவேல் சார் வந்தால் பழைய கதையைக் கிளறுவார்கள் என்று அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு என்னை அழைத்துக்கொண்டார். நான் கெஞ்சியதால் மாஸ்க் மட்டும் போட்டுக்கொண்டார். அன்று சந்தை நாள். மாட்டு வண்டிகளும் லாரிகளும் அடைத்துக்கொண்டு பஸ் நகரவில்லை. இப்படியே நின்று அடக்கமே முடிந்துவிட்டால் நல்லது என்றுகூட எனக்குத் தோன்றியது. மேடத்தின் இடது கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. அது சில்லிட்டிருந்தது.

வாசலில் அவருடைய அண்ணி கட்டிக்கொண்டு அழ வந்தார். மேடம் கையை நீட்டினார். "அண்ணி, என் மூஞ்சி என் பேச்சக் கேக்கறதில்ல. அது என்ன பண்ணாலும் கண்டுக்காத. இந்தக் கைய மட்டும் வுடாத." அண்ணிக்குப் புரிந்ததோ இல்லையோ, பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். செபமாலை நடந்தது. முதலில் அழுகைதான் வந்தது. அப்பாடா என்று நான் சுவரில் சாய்ந்தேன். மன்றாட்டு ஆரம்பித்ததும் மாஸ்க்குக்குள் விக்கல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் அது பெரிய சிரிப்பாக வெடித்தது.

செபம் நின்றுவிட்டது. அண்ணன் மகன் வாசலிலிருந்து உள்ளே வந்தான். "அத்தை! எங்கப்பா செத்துக் கெடக்கறாரு. கல்யாணத்துக்கு வரலன்ற கோவத்த இன்னிக்கித்தான் தீத்துக்கணுமா? எழுந்து வெளிய போங்க." நான் எழுந்தேன். எத்தனையோ வருடமாக வகுப்பெடுத்த வாயிலிருந்து "அது வந்து தம்பி, நரம்பு..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மேடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அவரோ கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தபடியே இருந்தார்.

அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த கையைப் பார்த்தார்.

"டேய், சும்மா இரு. உங்கத்தை சிரிக்கல. வந்து இந்தக் கையப் புடிச்சுப் பாரு, என் வெரல ஒடைக்கறா. இவ அழுவுறாடா."

அவன் பிடித்துப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டான். அண்ணியே விட்ட இடத்திலிருந்து மன்றாட்டைத் தொடங்கினார். பிறகு மேடத்தின் இடது கையை எடுத்து, அண்ணனின் கூப்பிய கைகளின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார். சிரிப்பு வெகுநேரம் கழித்து அடங்கியது.

திரும்பி வரும் பஸ்ஸில் மேடம் மாஸ்க்கைக் கழற்றி என் கையில் திணித்தார். சூளகிரி தாண்டியதும் மறுபடி சிரித்தார். முன்னிருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இது எந்தச் சிரிப்பு மேடம்?" என்று பயந்துபோய்க் கேட்டேன். கையைக் கொடுத்தார். வெதுவெதுப்பாக, தளர்ந்து கிடந்தது. "இது நெஜ சிரிப்பு. நரம்பு நரம்புன்னு முழிச்சியே, அந்த மூஞ்சிய நெனச்சேன்" என்றார்.

அந்த மேடம் இப்போது ஓசூரில் தன் வீட்டுக் கூடத்தில் மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் கிடந்தார். முகம் அமைதியாக இருந்தது. இந்தச் சில வருடங்களில் அது சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. குந்தாரப்பள்ளியிலிருந்து அண்ணி வந்திருந்தார், மகனும் கூட வந்திருந்தான். அவன் கடைசியில் நின்றான். எல்லோரும் மாலை போட்டு நகர்ந்த பிறகு, தயங்கித் தயங்கி வந்து குனிந்து அத்தையின் இடது கையைப் பிடித்தான். வெகுநேரம் விடவில்லை. அந்தக் கையிடம் இனி அவனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை. பின்னால் யாரோ, "கூடவே திரிஞ்சாங்க, ஒரு சொட்டு வருதா பாரு. கல்லு மாதிரி நிக்கறாங்க" என்றது காதில் விழுந்தது. அவர்கள் சொல்வது சரிதானோ, நான் அப்படிப்பட்டவள்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அப்போது அண்ணி வந்து என் இடது கையை எடுத்துக்கொண்டார். சற்றுப் பொறுத்துப் பின்னால் திரும்பி, "சும்மா இருங்கம்மா. இவ அழுவுறா" என்றார். குனிந்து பார்த்தேன். என் பிடியில் அவர் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

மேடம், உங்கள் வகுப்பு எனக்கு மறந்தாலும் மறக்கும். வார்டில் ஒருவர் சிரித்துக்கொண்டே ஒன்றுமில்லை என்றால், இப்போதெல்லாம் முகத்தை விட்டுவிட்டு முதலில் கையைப் பிடிக்கிறேன். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடி ஒன்றுதான். நீங்கள் போய்விட்டீர்கள் என்று என் கண்ணுக்கு இன்னும் தகவல் போகவில்லை. கைக்குப் போய்விட்டது.