தையல் போட்ட சாவி

தையலக்கா வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் வாடகைக்கு இருந்த மாடி வீடு கொஞ்சம் மாறியிருக்கும். அணைக்காமல் விட்ட விளக்கு அணைந்திருக்கும். திறந்து வைத்த ஜன்னலுக்குக் கொக்கி மாட்டியிருக்கும். தனக்குத்தான் மறதி என்று முதலில் நினைத்தாள். சாக்கட்டியால் கோடு போட்டுத் தரையில் விரித்திருந்த துணி ஒருநாள் அழகாக மடித்து அலமாரியில் இருந்தது. துணிக்குக் கைகால் முளைக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

கீழ் வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரரிடம் இன்னொரு சாவி இருந்தது. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லாமல் ஏறிச் சோதனை போட்டே காலத்தை ஓட்டியவருக்கு, வேலை போனாலும் பழக்கம் போகவில்லை.

"அண்ணே, நான் இல்லாதப்ப உள்ள வராதீங்க. வரணும்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்லிட்டு வந்தா அது செக்கிங்காம்மா? என் வீடு, நான் பாக்குறேன்."

"வீடு உங்களுதுதான். நான் வாடகை குடுக்குற வரைக்கும் கதவுக்கு இந்தப் பக்கம் என்னுது."

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அக்கா சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தபோது, கூட வேலை செய்தவர்களோடு ஒரே அறையில் முடங்கிக் கிடந்தவள். சொந்தமாக மெஷின் வாங்கி இங்கே வந்த பிறகுதான், தானே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு கதவு கிடைத்தது. அதோடு ஊரார் துணியெல்லாம் உள்ளே கிடந்தது. ஒரு துண்டு காணாமல் போனாலும் பேர் கெட்டுவிடும்.

வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்துப் பூட்டை மாற்றினாள். பழைய பூட்டைத் துணியில் சுற்றிப் பத்திரமாகப் பரணில் வைத்தாள். காலி செய்யும்போது அதையே மாட்டிக் கொடுக்க வேண்டும் என்ற நியாயம் அவளுக்குத் தெரியும். மாற்றியதைச் சொல்ல வேண்டும் என்ற நியாயத்தை மட்டும் வசதியாக மறந்துவிட்டாள்.

அந்த வாரமே நூல் வாங்கப் போனாள். கிளம்பும்போது குழாயில் தண்ணீர் வரவில்லை. திருகிப் பார்த்தவள் மூடாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனாள். கடையில் நூல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா போனில் கத்தினாள்.

"சீக்கிரம் வாடி! உங்க அண்ணன் கட்டில்ல குடை பிடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. இப்ப உன் கதவோட மல்லுக்கட்டுறாரு!"

அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள். தலை சொட்டச் சொட்ட, வீட்டுக்காரர் பழைய சாவியை இன்னும் திருகிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து குழாயை மூடினாள்.

"யாரைக் கேட்டு மாத்துன? சாமானைத் தூக்கு, காலி பண்ணு!"

அக்கா மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். இதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? மறுபடியும் அந்த அறைக்கா?

"மாத்துனதைச் சொல்லாதது என் தப்புண்ணே. குழாயும் என் தப்புதான். உங்க மெத்தையைக் காயவச்சு, கூரைக்கு வெள்ளையடிச்சுத் தர்றது என் பொறுப்பு. ஆனா நீங்க சொல்லாம வந்து போனது யார் தப்பு?"

வீட்டுக்காரர் பதில் சொல்வதற்குள் வீட்டுக்காரம்மா குறுக்கே புகுந்தாள். "டிக்கெட் இல்லாதவங்களை எல்லாம் இறக்கி விட்டீங்களே, நீங்க எந்த டிக்கெட்டுல மேல ஏறினீங்க?"

பரிசோதகருக்குத் தும்மல்தான் வந்தது.

அக்கா மெஷினில் உட்கார்ந்தாள். புதுச் சாவி ஒன்றைத் துணிக்குள் வைத்துச் சுற்றிலும் தையல் ஓட்டினாள். மூலையில் கையாலேயே சின்னப் பூ ஒன்று போட்டு அவரிடம் நீட்டினாள்.

"தண்ணி, தீ, புகைன்னு ஆபத்து வந்தா பிரிச்சுடுங்க, என்னைக் கேக்கவே வேணாம். மத்தபடி கதவைத் தட்டுங்க."

"பிரிச்சுட்டு நானே திரும்பத் தச்சு வச்சுட்டா?"

"சட்டைப் பட்டனுக்கே என்கிட்டதானே வர்றீங்க!"

அவர் பையை வாங்கிக்கொண்டு இறங்கினார். காலி செய்யும் பேச்சு அதோடு நின்றது.

கொஞ்ச நாள் கழித்துக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாசலுக்கு வெளியே வீட்டுக்காரர், உள்ளங்கையில் அந்தப் பையோடு நின்றார். ஒரு பக்கம் கந்தலாகிச் சாவியின் நுனி எட்டிப் பார்த்தது.

"சத்தியமா நான் இல்லம்மா, எலி! நானா இருந்தா இவ்வளவு அசிங்கமாவா பிரிப்பேன்?"

மூலையில் பூ அப்படியே இருந்தது. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "குடுங்கண்ணே, வேற பை தச்சுத் தர்றேன்."

"உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் காலை எடுத்து வைத்தார். கண் மட்டும் நேராகக் குழாய்க்குப் போனது.